தாக்காமல் இருப்பதும் ஒரு வேலை

(பொது அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கொரோனா வந்துபோன நாளிலிருந்து நம் கடைத்தெருவில் எதிர்ப்பு சக்தி அமோகமாக விற்கிறது. பிஸ்கட்டில் எதிர்ப்பு சக்தி. சத்துமாவில் எதிர்ப்பு சக்தி. பழச்சாறு டப்பாவில் எதிர்ப்பு சக்தி. கூடக் கூட நல்லது என்பதுதான் எல்லா விளம்பரத்துக்கும் பல்லவி. சரி, கூடிக்கொண்டே போனால் என்ன ஆகும்? இதை எந்த விளம்பரமும் கேட்பதில்லை. மருத்துவமனையின் புறநோயாளிகள் பகுதிக்குப் போனால் பதில் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. காலையில் எழுந்ததும் விரலை மடக்க முடியாமல் தவிக்கும் முடக்குவாதக்காரர், பத்து வயதிலேயே இன்சுலின் ஊசிக்குப் பழகிவிட்ட பள்ளிப் பிள்ளை, தைராய்டு சுரப்பி பழுதாகி மாத்திரையோடு காலம் தள்ளும் அம்மா. இவர்கள் யாருக்கும் எதிர்ப்பு சக்தி குறைந்துபோய் இந்த நோய் வரவில்லை. இருந்த சக்தி சொந்த உடம்பின் மீதே திரும்பியதால் வந்தது.

அவர்களுக்கு ஏன் வந்தது என்று கேட்பது இயல்பு. ஆனால் நோயெதிர்ப்பு அறிவியலை ஒரு நூற்றாண்டாகக் குடைந்த கேள்வி வேறு. மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை?

2025 அக்டோபர் 6ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் அறிவிக்கப்பட்ட மருத்துவ நோபல் பரிசு, இந்தக் கேள்விக்கு விடை கண்ட மூவருக்குப் போனது. ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிமோன் சகாகுச்சி, அமெரிக்காவின் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல். விடிவதற்கு முன் சுவீடன் எண்ணிலிருந்து வந்த அழைப்பை, ஏதோ தொந்தரவு அழைப்பு என்று ஒதுக்கிவிட்டு பிரங்கோ மறுபடி தூங்கிப்போனார். ராம்ஸ்டெல் சிக்னல் எட்டாத மலைக்காட்டில் நடந்துகொண்டிருந்தார். பிறகு சிக்னல் கிடைத்து, கைபேசியில் செய்தி பார்த்த மனைவி திடீரென்று கத்தியதும், கரடி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாராம். அவர்கள் கண்டுபிடித்ததைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. அதன் பெயர் ஒழுங்குபடுத்தும் டி செல். ஆய்வுக்கூடங்களில் சுருக்கமாக டிரெக் என்பார்கள். நாமும் இங்கே அப்படியே சொல்வோம்.

முதலில் சிக்கல் என்ன என்று பார்த்துவிடலாம். நம் ரத்தத்திலுள்ள வெள்ளணுக்களில் ஒரு வகை டி செல். ஒவ்வொரு டி செல்லின் மேற்பரப்பிலும் ஓர் ஏற்பி இருக்கிறது; எதைக் கண்டால் கிளர்ந்தெழ வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். இந்த ஏற்பியைச் செய்யும் மரபணுத் துண்டுகள் செல்லுக்குச் செல் வேறு வேறு விதமாகக் கலைத்து அடுக்கப்படுகின்றன. அதனால்தான் நேற்றுவரை உலகில் இல்லாத ஒரு வைரஸ் வந்தாலும் அதை அடையாளம் காண ஏதோ ஒரு டி செல் நம்மிடம் தயாராக இருக்கிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கலைத்தால் எல்லாமும்தான் வரும். கணையத்தைத் தாக்கும் ஏற்பியும் வரும். மூட்டைத் தாக்கும் ஏற்பியும் வரும். சொந்த உடலைத் தாக்கும் இந்த ஆபத்தை 1900ஆம் ஆண்டு வாக்கிலேயே ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் யோசித்துவிட்டார். அப்படி ஒன்று நடப்பதை உடல் எப்படியோ தவிர்த்தாக வேண்டும் என்றார். எப்படி என்று அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது.

விடையில் ஒரு பகுதி 1980களில் கிடைத்தது. நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே தைமஸ் என்ற சிறிய சுரப்பி இருக்கிறது. டி செல்கள் முதிர்ச்சி அடைவது அங்கேதான். சொந்த உடலின் புரதங்களை இறுகப் பற்றிக்கொள்ளும் டி செல்களை தைமஸ் அங்கேயே சாகடித்துவிடுகிறது. பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைத்தார்கள்.

தீரவில்லை. தைமஸின் சல்லடையில் ஓட்டை உண்டு. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவரின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தாலும், அவருடைய சொந்தப் புரதங்களைத் தாக்கக்கூடிய டி செல்கள் அதில் இருக்கின்றன. இந்த அரங்கில் இருக்கும் ஒவ்வொருவர் உடலிலும் இருக்கின்றன. சும்மா இருக்கின்றன. ஏன் சும்மா இருக்கின்றன? தாமாகவே அடங்கிக் கிடக்கின்றனவா, யாராவது அடக்கி வைத்திருக்கிறார்களா?

கோயில் தேரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில். எல்லோர் கண்ணும் வடத்தின் மீதும், மேலே ஆடிவரும் தொம்பைகளின் மீதும்தான். ஆனால் சக்கரத்தை ஒட்டியே குனிந்து நடக்கிறார்களே சிலர், கையில் முட்டுக்கட்டையோடு, அவர்களை எத்தனை பேர் கவனிக்கிறோம்? வீதி முனையில் சரியான நொடியில், சரியான சாய்வில் அவர்கள் கட்டையைக் கொடுக்காவிட்டால் தேர் நேராகப் போய் எதிர்வீட்டுத் திண்ணையில்தான் நிற்கும். டிரெக் செல்களும் எண்ணிக்கையில் அப்படிச் சிலர்தான். சிடி4 என்ற அடையாளம் கொண்ட டி செல்களில் 5 முதல் 10 சதவீதம். இழுப்பவர்களைக் கண்டுபிடித்துப் பல பத்தாண்டுகள் ஆகியும் கட்டை போடுகிறவர்களைக் கண்டுபிடிக்க முடியாமல் அறிவியல் திணறிய கதை, கண்டுபிடிப்பைவிடச் சுவையானது.

1969. ஜப்பானின் நாகோயா நகரில் உள்ள ஐச்சி புற்றுநோய் மையம். நிஷிசூகா, சகாகுரா என்ற இரு ஆய்வாளர்கள் பிறந்து மூன்றே நாளான எலிக்குஞ்சுகளின் தைமஸை அறுவை செய்து எடுத்தார்கள். டி செல் உருவாகும் இடத்தையே எடுத்துவிட்டால் என்ன நடக்க வேண்டும்? எதிர்ப்பு குறைய வேண்டும், அவ்வளவுதான். நடந்தது வேறு. பெண் எலிகளின் சினைப்பைகள் அழிந்துபோயின. பிறந்து ஏழாம் நாளில் எடுத்தால் ஒன்றும் ஆவதில்லை. மூன்றாம் நாளில் எடுத்தால் அழிகிறது. சினைப்பை வளரத் தேவையான ஏதோ ஒரு ஹார்மோன் தைமஸிலிருந்து வருகிறது போலும் என்று முதலில் எண்ணினார்கள். பிறகுதான், எலியின் சொந்த டி செல்களே சினைப்பையைத் தின்றுகொண்டிருந்தது தெரிய வந்தது. தைராய்டும் வயிறும்கூட அதே பாடு பட்டன.

இதை நிறுத்தி நிதானமாக யோசிக்க வேண்டும். டி செல்லின் ஊற்றை அடைத்தால் டி செல்லின் தாக்குதல் கூடுகிறது! தாக்கும் செல்கள் முதல் இரண்டு மூன்று நாளிலேயே தைமஸை விட்டு வெளியே வந்துவிடுகின்றன, அடக்கும் செல்கள் சற்றுத் தாமதமாக வருகின்றன என்று வைத்துக்கொண்டால்தான் இது புரியும்.

கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்த ஓர் இளைஞர் இந்தச் சோதனை பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டு, நிஷிசூகாவின் ஆய்வுக்கூடத்துக்கே போய்ச் சேர்ந்தார். அவர்தான் சகாகுச்சி. இயல்பான எலியிலிருந்து டி செல்களை எடுத்து, மூன்றாம் நாள் தைமஸ் இழந்த எலிக்குச் செலுத்தினார். நோய் வரவில்லை. ஆக, நோயைக் கொடுப்பதும் டி செல், தடுப்பதும் டி செல். 1982இல் இது அச்சில் வந்தது. அப்போதே உலகம் எழுந்து நின்று கைதட்டியிருக்க வேண்டாமா? தட்டவில்லை. காரணம், அமெரிக்காவில் அதே நேரத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு சரிவு.

1970களின் தொடக்கத்தில் யேல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் கெர்ஷன், அடக்கும் டி செல்கள் உண்டு என்று அறிவித்திருந்தார். அறிவித்ததும் அந்தத் துறை ஒரு திருவிழாவாகிவிட்டது. ஆய்வுக்கூடம் தோறும் அடக்கும் செல். அடக்கும் செல்லைத் தூண்ட இன்னொரு செல். அதை அடக்க வேறொன்று. காகிதத்தில் அம்புக்குறிகள் பெருகின. இந்தச் செல்களின் அடையாளம் ஐ-ஜே என்ற மூலக்கூறு, அதற்கான மரபணு எலியின் 17ஆவது குரோமோசோமில் இன்ன இடத்தில் இருக்கிறது என்றெல்லாம் எழுதினார்கள். ஐ-ஜே பற்றி எழுதியவர்களில் முன்னணியில் இருந்த தோமியோ தாதா பெரிய மேதை. பின்னாளில் ஜப்பானிய நோ நாடகங்கள் எழுதிப் பெயர் வாங்கியவர். ஆனால் 1980களின் தொடக்கத்தில் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் வசதி வந்தது. சொன்ன இடத்தைப் போய்ப் படித்துப் பார்த்தார்கள். ஐ-ஜே மரபணு அங்கே இல்லை. அதற்கு இடமே இல்லை!

அத்தோடு கடையைக் கட்டினார்கள். 1983இல் கெர்ஷனும் காலமானார். அடக்கும் செல் என்று வாயெடுத்தாலே கருத்தரங்குகளில் நமட்டுச் சிரிப்பு. ஆய்வு நிதி கேட்டு எழுதினால் அந்தச் சொல்லைத் தவிர்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்ற நிலை. இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சிரித்தவர்கள் முட்டாள்கள் அல்லர். கையில் பிடித்துக் காட்ட முடியாத ஒரு செல்லை நம்ப மறுத்தது சரியான அறிவியல்தான். கெர்ஷனின் கருத்து சரி, அதன்மேல் கட்டிய கோபுரம் தவறு. கோபுரம் சரிந்தபோது கருத்தும் இடிபாட்டில் புதைந்துபோயிற்று.

அப்படியானால் சகாகுச்சி செய்ய வேண்டியது என்ன? ஒரே வேலைதான். அந்தச் செல்லைப் பிடித்துக் காட்ட வேண்டும். அதற்கு ஓர் அடையாளம் வேண்டும். ஜப்பானிலும் அமெரிக்காவிலுமாக ஆய்வுக்கூடம் மாறி மாறி, 1995 வரை அவர் தேடினார். மனைவி நொரிகோவும் அந்தப் பணியில் உடனிருந்தார். 1995இல் வந்த கட்டுரையில் இரண்டாவது பெயர் அவருடையது. கிடைத்த அடையாளம் சிடி25 என்ற புரதம். சோதனை மிக எளிமையானது, அதனால்தான் மறுக்க முடியாதது. இயல்பான எலியின் டி செல்களில் சிடி25 உள்ளவற்றை மட்டும் நீக்கினார். மீதியை, பிறவியிலேயே தைமஸ் இல்லாத எலிகளுக்குச் செலுத்தினார். தைராய்டில் அழற்சி, வயிற்றில் அழற்சி, கணையத்தில், சினைப்பையில், சிறுநீரகத்தில், மூட்டில் அழற்சி. நீக்கிய சிடி25 செல்களைச் சீக்கிரமே திருப்பிச் செலுத்தினால் ஒன்றும் வரவில்லை. நாள் தள்ளிச் செலுத்தினால் பயனில்லை.

அப்போதும் நம்பாதவர்கள் இருந்தார்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஈதன் ஷெவாக் அவர்களில் முக்கியமானவர். அடக்கும் செல் என்ற பேச்சையே கடுமையாக விமர்சித்து வந்தவர். தம் ஆய்வுக்கூடத்தில் சகாகுச்சியின் சோதனையைத் திரும்பச் செய்யவைத்தார். அதே முடிவு வந்தது. ஷெவாக் கட்சி மாறினார். 1998இல் அவருடைய குழுவே இந்தச் செல்கள் மற்ற டி செல்களை அடக்குவதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் செய்து காட்டியது. எதிரணியில் நின்றவரே சாட்சி சொன்ன பிறகு துறை நிமிர்ந்து உட்கார்ந்தது.

இனி உலகத்தின் மறுபுறம் போவோம். நாகோயாவுக்குக் கொஞ்சமும் தொடர்பில்லாத இடம் அது.

அமெரிக்காவின் டென்னசி மாநிலம், ஓக் ரிட்ஜ். போரில் முதலில் வீசப்பட்ட அணுகுண்டுக்கான யுரேனியத்தைச் செறிவூட்டிய ஊர். போருக்குப் பின், கதிரியக்கம் உயிர்களின் மரபணுவை என்ன செய்யும் என்று அறிய அங்கே ஏராளமான எலிகளை வளர்த்தார்கள். 1940களின் இறுதியில் ஒரு கூட்டத்தில் வினோதமான ஆண் குஞ்சுகள் பிறந்தன. தோல் செதில் செதிலாக உரிந்தது. மண்ணீரலும் நிணநீர் முடிச்சுகளும் வீங்கின. பிறந்து மூன்று நான்கு வாரங்களில் செத்துப்போயின. கதிரியக்கத்தால் வந்ததல்ல, தானாக வந்த மரபணு மாற்றம். இந்த எலிகளுக்கு ஸ்கர்ஃபி என்று பெயரிட்டார்கள். ஆண்களை மட்டும் கொன்றதால் கோளாறு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது என்பது தெரிந்தது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும். ஆணுக்கு ஒன்றே ஒன்று. அதனால் தாய் எலிகள் நோயின்றி வாழ்ந்து, கோளாறைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்தி வந்தன. ஐம்பது ஆண்டு காலம் ஸ்கர்ஃபி எலி ஒரு புதிராகவே பாதுகாக்கப்பட்டது.

1990களில் வாஷிங்டன் மாநிலத்தின் பாத்தெல் என்ற ஊரில், ஒரு மருந்து நிறுவனத்தில் பிரங்கோவும் ராம்ஸ்டெல்லும் இந்த எலியைக் கையிலெடுத்தார்கள். இன்றைக்கு மரபணுத் தொகுதியைப் படிப்பது சில நாள் வேலை. அன்றைக்கு? எலியின் எக்ஸ் குரோமோசோமில் சுமார் 17 கோடி எழுத்துகள். அதில் எங்கோ ஓரிடத்தில் பிழை. இருவரும் தேடும் பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கினார்கள். கடைசியில் சுமார் 5 லட்சம் எழுத்துகள் கொண்ட பகுதியில் வந்து நின்றார்கள். அங்கே 20 மரபணுக்கள். ஒவ்வொன்றாக எடுத்து, நல்ல எலியோடு ஸ்கர்ஃபி எலியை ஒப்பிட்டார்கள். முதலாவதில் பிழையில்லை. ஐந்தாவதில் இல்லை. பத்தாவதில் இல்லை. பத்தொன்பதாவதிலும் இல்லை. இருபதாவதில் இருந்தது. கூடுதலாக இரண்டே இரண்டு எழுத்து நுழைந்திருந்தது. அதற்குப் பின் வரும் வாசிப்பு முழுவதும் குழம்பி, புரதம் பாதியில் அறுந்துபோயிருந்தது. அந்த மரபணுவுக்கு ஃபாக்ஸ்பி3 என்று பெயர் வைத்தார்கள். ஆண்டு 2001.

இது எலியோடு நிற்கிற விஷயமா? இல்லை. அரிதாகச் சில ஆண் குழந்தைகளுக்கு ஐபெக்ஸ் என்ற நோய் வருகிறது. பிறந்து சில வாரங்களிலேயே நிற்காத வயிற்றுப்போக்கு, உடலெங்கும் கரப்பான், பச்சிளங் குழந்தைக்கு நீரிழிவு. ஒரே குடும்பத்தில் பல ஆண் குழந்தைகள் இப்படி இறந்ததைப் பற்றி 1982இலேயே மருத்துவ இதழில் கட்டுரை வந்திருந்தது. காரணம் மட்டும் தெரியாமல் இருந்தது. ஸ்கர்ஃபியின் மரபணு தெரிந்த அதே 2001இல், இந்தக் குழந்தைகளிடமும் ஃபாக்ஸ்பி3 பழுதாகியிருப்பது உறுதியானது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையால் இன்று இவர்களில் பலரைக் காப்பாற்ற முடிகிறது. அதாவது, நல்ல டிரெக் செல்களை உண்டாக்கக்கூடிய மஜ்ஜையைக் கொடுத்தால் போதும், தாக்குதல் நிற்கிறது.

இரண்டு கதைகளும் 2003இல் ஒன்றாயின. சகாகுச்சியின் குழு, அலெக்சாண்டர் ருடென்ஸ்கியின் குழு, ராம்ஸ்டெல்லின் குழு என மூன்று இடங்களிலிருந்து கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஒரே செய்தி: சிடி25 கொண்ட அந்த அடக்கும் செல்களை ஆக்குவதே ஃபாக்ஸ்பி3தான். சாதாரண டி செல்லுக்குள் இந்த மரபணுவைப் புகுத்தினால் அதுவும் அடக்கும் குணம் பெறுகிறது. ஐ-ஜே போன இடம் தெரியாமல் போன துறைக்கு, இருபது ஆண்டு கழித்து மறுக்க முடியாத மரபணு கிடைத்தது.

சரி, இந்தச் செல் எப்படித்தான் அடக்குகிறது? பல வழி உண்டு. இரண்டை மட்டும் அருகில் போய்ப் பார்ப்போம்.

முதல் வழி, பட்டினி போடுவது. டி செல் பெருக வேண்டுமானால் இன்டர்லூகின்-2 என்ற சமிக்ஞைப் புரதம் வேண்டும். தாக்கும் செல் கிளர்ந்ததும் அதைச் சுரக்கிறது. டிரெக் தானாக அதைச் சுரப்பதில்லை. ஆனால் பிடிக்கும் திறன் அதனிடம் அதிகம். சகாகுச்சி அடையாளமாகப் பிடித்தாரே சிடி25, அது வேறொன்றும் இல்லை, இன்டர்லூகின்-2ஐ இறுகப் பிடிக்கும் ஏற்பியின் ஒரு பகுதி! தாக்கும் செல் சுரப்பதைப் பக்கத்தில் இருந்துகொண்டே டிரெக் உறிஞ்சிவிடுகிறது. இன்னொரு பழைய புதிரும் இதில் அவிழ்கிறது. 1990களின் தொடக்கத்தில், இன்டர்லூகின்-2 மரபணுவே இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். எதிர்ப்பு படுத்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். மாறாக அந்த எலிகளுக்குக் குடல் அழற்சி வந்தது, தன்னுடலைத் தாக்கும் நோய்கள் வந்தன. பட்டினியில் முதலில் செத்தது டிரெக்.

இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது. நிணநீர் முடிச்சில் டென்ட்ரிட்டிக் செல் என்று ஒன்று உண்டு. கிளை கிளையாகக் கை நீட்டிக்கொண்டிருக்கும். கிருமியின் துண்டை டி செல்லுக்குக் காட்டுவது இதன் வேலை. காட்டினால் மட்டும் டி செல் எழுந்துவிடாது. சிடி80, சிடி86 என்ற இரண்டு புரதங்களையும் கூடவே நீட்ட வேண்டும். அப்போதுதான் உத்தரவு முழுமையாகும். டிரெக் என்ன செய்கிறது தெரியுமா? தன் மேலுள்ள சிடிஎல்ஏ-4 என்ற புரதத்தால் அந்த இரண்டையும் பற்றி, டென்ட்ரிட்டிக் செல்லின் உடம்பிலிருந்து பிய்த்தெடுத்து விழுங்கிவிடுகிறது. பிறகு வரும் தாக்கும் செல்லுக்குத் துண்டு தெரிகிறது, உத்தரவு இல்லை. திரும்பிப் போகிறது. இவை தவிர, இன்டர்லூகின்-10 போன்ற தணிக்கும் புரதங்களைச் சுரப்பதும் உண்டு.

இதெல்லாம் குழந்தைப் பருவத்தில் ஒருமுறை நடந்து முடிந்துவிடுகிற காரியமா? 2007இல் ருடென்ஸ்கியின் குழு இதைச் சோதித்தது. நன்றாக வளர்ந்து, நோயின்றி இருக்கும் எலிகளில், டிரெக் செல்களை மட்டும் வேண்டிய நாளில் அழிக்கும்படி ஓர் ஏற்பாடு செய்தார்கள். அழித்த சில வாரங்களில் அந்த எலிகள் உடலெங்கும் அழற்சி கண்டு இறந்தன. அன்றாடம் நடக்கிற வேலை இது. இந்த நொடியிலும் நடக்கிறது.

ஆக, அமைதி என்பது ஓய்வு அல்ல. இது புரிந்துவிட்டால் அடுத்த எண்ணம் தானாக வரும்: டிரெக்கைத் தூண்டிவிடும் மருந்து கண்டுபிடித்தால் முடக்குவாதத்தை ஒழித்துவிடலாமே! அப்படி நினைத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் கதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்கக் கூடாது.

2006 மார்ச் 13, லண்டன், நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் ஒரு சோதனைக் கூடம். ஜெர்மனியின் டெஜெனெரோ நிறுவனம் உருவாக்கிய டிஜிஎன்1412 என்ற மருந்தை முதன்முதலாக மனிதர்களுக்குச் செலுத்தும் நாள். டி செல்லின் சிடி28 என்ற புரதத்தை நேரடியாக முடுக்கும் மருந்து அது. எலிகளில் அதற்கு இணையான மருந்து டிரெக் செல்களைப் பெருக்கி, மூட்டு அழற்சியைத் தணித்திருந்தது. குரங்குகள் தாங்கிக்கொண்டன. குரங்குகளுக்குத் தீங்கு செய்யாத அளவில் ஐந்நூறில் ஒரு பங்கைத்தான் மனிதர்களுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். எட்டு இளைஞர்கள், இருவருக்கு வெறும் திரவம், ஆறு பேருக்கு மருந்து. ஒருவருக்கு என்ன ஆகிறது என்று பொறுத்துப் பார்க்காமல், சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஏற்றினார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, முதுகுவலி, குமட்டல், காய்ச்சல். இரவுக்குள் ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவில். சிறுநீரகம், நுரையீரல் என்று ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஆறு பேரும் உயிர் பிழைத்தார்கள். ஆனால் ஒருவர் கால்விரல்களையும் விரல் நுனிகளையும் இழந்தார்.

எங்கே தவறியது? சுத்தமான கூண்டில் வளரும் ஆய்வக எலிக்குப் பழைய தொற்றுகளின் நினைவு தாங்கிய டி செல்கள் குறைவு. மனிதனுக்கு அவை ஏராளம். குரங்குகளிலோ, அந்த நினைவுச் செல்களில் உடனே தாக்கத் தயாராக நிற்கும் வகையின் மேல் சிடி28 இல்லை. ஆக எலியிலும் குரங்கிலும் காட்டாத முகத்தை மருந்து மனிதனிடம் காட்டியது. டிரெக்கை எழுப்பப் போய், தாக்கும் செல்களை மொத்தமாக எழுப்பிவிட்டது. பின்னாளில் ரஷ்யாவில் அதே மருந்தைப் பல மடங்கு குறைந்த அளவில் கொடுத்தபோது அந்தப் புயல் எழவில்லை. மருந்து கெட்டதா, அளவு கெட்டதா என்ற கேள்விக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. ஆனால் ஆறு பேருக்கு அடுத்தடுத்து ஏற்றிய அவசரத்துக்கு எந்தச் சமாதானமும் இல்லை. பிரிட்டனும் ஐரோப்பாவும் முதல் மனிதச் சோதனைகளுக்கான விதிகளைத் திருத்தி எழுதியது இதன் பிறகுதான்.

அளவின் விளையாட்டை இன்டர்லூகின்-2 இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. பெரிய அளவில் கொடுத்தால் அது தாக்கும் செல்களைத் தூண்டும். 1992இலேயே சிறுநீரகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட மருந்து அது. மிகச் சிறிய அளவில் கொடுத்தால்? எளிதில் பிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் கிடைக்கும், பிடிப்பது டிரெக். எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவர்களுக்குச் சில சமயம், வந்த செல்கள் உடலையே தாக்கும் கொடிய பின்விளைவு வரும். அப்படி அவதிப்பட்டவர்களுக்கு பாஸ்டனில் தினமும் சிறிதளவு இன்டர்லூகின்-2 கொடுத்துப் பார்த்தார்கள். டிரெக் பெருகியது, சுமார் பாதிப் பேருக்கு நோய் தணிந்தது. 2011இல் வெளியான முடிவு இது. ஒரே பொருள், ஓர் அளவில் தாக்கச் சொல்கிறது, இன்னோர் அளவில் தணிக்கச் சொல்கிறது. எதிர்ப்பைக் கூட்டுகிறோம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களிடம், எந்தச் செல்லைக் கூட்டுகிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

அடக்குவது எப்போதும் நல்லதா? புற்றுநோயிடம் கேட்டால் மிக நல்லது என்று சொல்லும். கட்டிகள் டிரெக் செல்களைத் தம்மிடம் வரவழைத்து அரணாக வைத்துக்கொள்கின்றன. சினைப்பைப் புற்றுநோயில் கட்டிக்குள் டிரெக் கூடுதலாக இருந்தவர்கள் குறைந்த காலமே வாழ்ந்தார்கள் என்று 2004இல் ஓர் ஆய்வு காட்டியது. சிடிஎல்ஏ-4ஐத் தடுக்கும் இபிலிமுமாப் என்ற மருந்து 2011இல் அமெரிக்காவில் தோல் புற்றுநோயான மெலனோமாவுக்கு அனுமதி பெற்றது. அந்த வழியைத் திறந்த ஜேம்ஸ் ஆலிசனுக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. கைவிடப்பட்ட நோயாளிகளில் ஒரு பகுதியினர் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள். கூடவே சிலருக்குக் கடும் குடல் அழற்சி, தைராய்டு கோளாறு, பிட்யூட்டரி சுரப்பியில் அழற்சி. கட்டையை எடுத்தால் தேர் புற்றுநோயின் பக்கம் மட்டுமா ஓடும்?

தாய்மார்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கான செய்தி ஒன்று. கருவில் இருக்கும் பிள்ளையின் மரபணுவில் பாதி தந்தையுடையது. தாயின் டி செல்லுக்கு அது அந்நியம். தந்தையின் சிறுநீரகத்தைத் தாய்க்கு வைத்தால் மருந்தின்றி உடல் ஏற்காது. பிள்ளையை மட்டும் பத்து மாதம் ஏற்கிறது. 2004இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சினை எலிகளில் காட்டினார்கள்: டிரெக் இல்லாவிட்டால், அந்நிய மரபணு கலந்த கரு தங்குவதில்லை.

சிறுநீரக மாற்றுக்கே வருவோம், ஏனென்றால் டிரெக் செல்லையே மருந்தாகக் கொடுக்கும் முயற்சி அங்கேதான் முன்னே போயிருக்கிறது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் ஆயுள் முழுக்க எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரைகளை விழுங்க வேண்டும். அந்த மாத்திரை ஆளைப் பார்த்து அடக்குவதில்லை. சிறுநீரகத்தைத் தாக்கும் செல்லையும் அடக்கும், வைரஸைத் தாக்கும் செல்லையும் அடக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலுமாகப் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2020இல் லான்செட் இதழில் வந்தது. 38 பேருக்கு டிரெக் உள்ளிட்ட அடக்கும் வகைச் செல்களை ஆய்வகத்தில் பெருக்கிச் செலுத்தினார்கள். அவர்களில் 15 பேருக்கு மாத்திரையை ஒன்றாகக் குறைக்க முடிந்தது. சிறுநீரகம் மறுக்கப்படுவது வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி கூடவில்லை. வைரஸ் தொற்றுகள் குறைந்தன.

அடுத்த படியும் எடுத்து வைத்தாயிற்று. நோயாளியின் சொந்த டிரெக் செல்லை எடுத்து, தானமாக வந்த சிறுநீரகத்தின் அடையாளப் புரதத்தை மட்டும் தேடிப் பற்றும் ஏற்பியை அதில் பொருத்தி, திரும்ப ஏற்றினார்கள். அந்தச் செல் உடல் முழுக்கச் சுற்றினாலும் சிறுநீரகத்தில் போய்த்தான் வேலை செய்ய வேண்டும். செய்யுமா? அழற்சி மிகுந்த இடத்தில் சில டிரெக் செல்கள் ஃபாக்ஸ்பி3ஐ இழந்து, தாக்கும் குணத்துக்கு மாறிவிடுவதும் உண்டு. அதனால் முதல் சோதனைகளில் சில நோயாளிகளுக்கு மட்டும், குறைந்த எண்ணிக்கையில் செல்களை ஏற்றி, ஒவ்வொருவரையும் மாதக்கணக்கில் கண்காணித்த பிறகே அடுத்த அளவுக்குப் போனார்கள்.